சீதனக் காணியில் இரண்டு அடி

வாகீசன் கொண்டுவந்த மனுத் தாள்களைக் கேதீஸ்வரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அந்த ஒடுங்கிய தெருவில், ஒழுங்கையில், உள்ள அத்தனை வீட்டுக் கையெழுத்தும் ஒரே நாளில் விழுந்திருந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வேலிக் கதியால் தடியை ஒரு சாண் தள்ளி நட்டதற்கே கோட்டுக்குப் போய் வழக்காடி, இன்றுவரை முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், ஒழுங்கையை அகலமாக்க வேலியை இரண்டு அடி உள்ளே தள்ளச் சம்மதம் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே போட்டார்களாம். இந்த வாகீசன் யாரைப் பேய்க்காட்டி ஏமாற்றப் பார்க்கிறான்?

பிரதேச சபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறவள் கேதீஸ்வரி. ஆட்டோ ஓடும் வாகீசன்தான் அவளுக்கு வலது கை. அம்புலன்ஸ் நுழைய முடியாத இந்த ஒழுங்கையைத் திருத்துவதே முதல் வேலை என்றுதான் அவள் வாக்குக் கேட்கிறாள். இதே கோரிக்கையோடு முன்பு சபைக்குப் போன மனு திரும்பி வந்திருந்தது. கணவன் மனைவிக்குப் போட்டிருந்தான், மருமகள் மாமிக்குப் போட்டிருந்தாள், கனடாவில் இருக்கிறவருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்தான். ஆகவே இந்தமுறை கேதீஸ்வரி ஒரு சட்டம் வைத்தாள். காணி யார் பெயரிலோ அவரே, மனுவை வாசிக்கக் கேட்டுத் தன் கையால் போடவேண்டும். சீதனக் காணியென்றால் தேசவழமைச் சட்டப்படி கணவனும் கூடப் போடவேண்டும். ஒரு கள்ளக் கையெழுத்து அகப்பட்டாலும் தானே வெட்டுவதாகக் கூட்டத்தில் மார்தட்டியும் இருந்தாள்.

அவளுடைய வீடும் சீதன வீடுதான். அவள் போட்ட கையெழுத்துக்குக் கீழே ‘சிவரூபன்’ என்று தமிழில் அழகாக எழுதியிருந்தது. வங்கியில் வேலை செய்யும் அவள் கணவன் சிவரூபன் ஆங்கிலத்தில் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட்டதை அவள் கண்டதில்லை.

இந்த ஒன்றே கள்ளமென்றால் மற்றவை? விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்தாள். போன வீட்டிலெல்லாம் அவளைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

“நான்தான் போட்டனான். ஏன் கேக்கிறியள், ரெண்டடி இப்ப மூண்டடி ஆயிட்டுதோ?” என்று ஒழுங்கை முனை வீட்டு நாகலிங்கம் வேலிப் படலையைத் திறக்காமலே கேட்டார்.

எதிர்வீட்டு இராசமலர் இன்னும் தெளிவாகச் சொன்னாள். “முதல் நான் மாட்டன் எண்டனான் பிள்ளை. உவன் வாகீசன்தான் உன்ரை மனிசன்ரை கையெழுத்தைக் காட்டினவன். வங்கிக்காரர், நாலும் யோசிக்காமல் போடார் எண்டுதான் நானும் போட்டனான்.”

கேதீஸ்வரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. நேரே ஆட்டோக்கள் நிற்கும் சந்திக்குப் போய் வாகீசனைப் பிடித்தாள்.

“முதல் உங்கடை வீட்டைத்தான் போனனான் அக்கா. அண்ணை ‘பாப்பம்’ எண்டவர்,” என்றான் அவன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “உங்கடை வீட்டிலையே போடேல்லை எண்டால் ஆர் போடுவினம்? அதுதான் நானே... அது ஒண்டுதான் கள்ளம். மற்றதெல்லாம் உண்மை. விட்டிடுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது.”

வீட்டில் சிவரூபன் வங்கிக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, மனுவிலை ஏன் கையெழுத்துப் போடேல்லை?”

“வாகீசன் கேட்டவன். நீர் கேட்டனீரோ?”

“இப்ப கேக்கிறன். போடுவியளோ?”

அவர் சப்பாத்துக்குக் கயிறு கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “இந்த வீடு உம்மடை. வளவு உம்மடை. நோட்டீசிலை சிரிக்கிற முகமும் உம்மடை. நான் இல்லாமல் நடக்காத காரியம் இந்த ஒரு கையெழுத்துத்தான். அதையும் தூக்கித் தந்திட்டு நான் ஆர் இந்த வீட்டிலை? தேர்தல் முடியட்டும், பாப்பம்.”

ஆத்திரம்தான் முதலில் வந்தது. பிறகு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஒரு பரிதாபமும் வந்தது. வாகீசனைச் சந்தேகித்தாள், ஒழுங்கை முழுவதையும் சந்தேகித்தாள். ஒரே மேசையில் சாப்பிடுகிற மனிதரைப் பற்றி மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

அவருடைய மோட்டார் சைக்கிள் போன பின் தாளை மேசையில் விரித்துக்கொண்டு இருந்தாள். வாகீசன் சொன்னது சரி. யாருக்கும் தெரியாது. ஒழுங்கை அகலும், அம்புலன்ஸ் வரும், வாக்கும் விழும். வேண்டுமென்றால் கணவனை நாளைக்கும் கெஞ்சலாம். ஆனால் கள்ளக் கையெழுத்தை வெட்டுவேன் என்று சொன்ன வாய் இதே வாய்தான். பேனையை எடுத்து ‘சிவரூபன்’ மேல் ஒரு கோடு இழுத்தாள். தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

இராசமலர் கண்ணாடியைப் போட்டு அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு கேதீஸ்வரியின் வேலியைப் பார்த்தாள்.

“அப்ப உன்ரை வேலி அசையாது. எங்கடைதான் உள்ளை போகும்.”

“அப்பிடியில்லை அக்கா. எனக்கு இண்டைக்குக் காலமை வரைக்கும் இது தெரியாது.”

“ஒரு வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு உனக்குத் தெரியாதாம், நான் நம்பவேணுமாம். பேனையைத் தா பிள்ளை.”

கேதீஸ்வரி கொடுத்தாள். இராசமலர் தன் பெயரை அழுத்தி வெட்டிவிட்டு, தாளையும் பேனையையும் அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் நீட்டினாள்.