சீல் பிரிக்காத பஞ்சு

"அடுத்த பஸ்ஸுக்கு எப்.சி.யா? வழக்கம்போல ரிட்டன்தானே?" என்று கேட்டார் சிம்மக்கல் மருந்துக்கடைக்காரர்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வருடத்துக்கு ஒருநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் பஸ்ஸைச் சோதித்து எப்.சி. சான்று கொடுப்பார். அந்த ஒருநாள் கூத்துக்காகத்தான் பஸ்ஸின் முதலுதவிப் பெட்டி நிறையும். பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் சீல் பிரிக்காமல் கடையிலிருந்து வரும். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டியதும் சீல் பிரிக்காமலே கடைக்குத் திரும்பிவிடும். இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போய் வருவதுபோலத்தான். மற்ற நாளெல்லாம் அந்தப் பெட்டியில் கண்டக்டர் காசிமாயனின் சீப்பும் பவுடர் டப்பாவும் வெற்றிலைப் பொட்டலமும் குடியிருக்கும். மேலே சிவப்புச் சிலுவை மட்டும் பளிச்சென்று இருக்கும், வெட்கங்கெட்டது.

"ரிட்டன் இல்லண்ணே. என் காசுல, சொந்தமா வாங்குறேன்" என்றான் காசிமாயன். "வெரல் நசுங்குனா என்னென்ன வேணுமோ, அம்புட்டையும் குடுங்க."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பஞ்சில் சின்னச் சுருளா பெரிய சுருளா என்றார். பெரியதை எடுத்தான். டிஞ்சரை நீட்டியபோது, "இது எரியுமாண்ணே?" என்று கேட்டான்.

"எரியாமயா? உசுரு போகும். இந்த மஞ்ச மருந்து அம்புட்டா எரியாது."

"அப்ப மஞ்சளே குடுங்க."

கட்டுத்துணியை அளந்து பார்த்து, ஒரு விரலைச் சுற்ற எவ்வளவு பிடிக்கும் என்று தன் விரலிலேயே சுற்றிப் பார்த்தான். பிளாஸ்திரி வாங்கினான், கத்தரிக்கோல் வாங்கினான். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "கண்டக்டர்னா ஒன்னைய மாதிரி இருக்கணும்ப்பா" என்றார். காசிமாயனுக்குச் செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காரணம், ஒரு மாதத்துக்கு முன்னால் நடந்த ஒன்று. முனியாயி தினமும் திருமங்கலத்தில் ஏறி, அவரைக்காய்க் கூடையோடு சிம்மக்கல்லுக்குப் போகிறவள். பசுமலை தாண்டியதும் குறுக்கே ஒரு மாடு வர, டிரைவர் நல்லகாமன் பிரேக்கை மிதித்தார். ஜன்னலின் தகர ஷட்டர் தடதடவென்று இறங்கி அவள் ஆள்காட்டி விரலில் விழுந்தது. நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது.

"அண்ணே, அந்தப் பெட்டியத் தொறங்கண்ணே!" என்று கத்தினாள்.

மறுநாள் எப்.சி. இருந்தது. அதற்காக அன்று காலையில்தான் பெட்டி நிறைந்திருந்தது. "ஒரு சீல் பிரிஞ்சாலும் கடைக்காரன் எடுக்க மாட்டான். ஒன் சம்பளத்துலதான் கழிப்பேன்" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். சாவி காசிமாயனின் சட்டைப்பையில் இருந்தது. கை அதன்மேல் போனதும் உண்மை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"பெட்டி காலியாக் கெடக்கு தாயி."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. தினமும் அதிலிருந்து சீப்பு எடுத்துத் தலை வாருகிறவன்தானே! முனியாயியோ அவனுக்கே ஆறுதல் சொன்னாள். "மொதலாளி வாங்கித் தரலேன்னா நீங்க என்னண்ணே செய்வீக?" கூடை துடைத்த அழுக்கு முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, காயை விற்கப் போய்விட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்து, "பேஷ்!" என்றார்.

அதன்பிறகு மூன்று வாரமாகியும் முனியாயி பஸ்ஸில் வரவில்லை. அவளோடு காய் விற்கும் செல்லக்கிளிதான் ஒருநாள் டிக்கெட் வாங்கும்போது சொன்னாள், விரல் சீழ் பிடித்து மேல்கணுவை எடுத்துவிட்டார்கள் என்று. அன்றைக்குக் காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து போட்டுக் கட்டியிருந்தால் விரல் தப்பியிருக்குமோ என்னவோ, அது யாருக்குத் தெரியும்? கட்டாமல் விட்டது யார் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மாதச் சம்பளம் வந்ததும் நேரே மருந்துக்கடைக்குப் போனான். வாங்கியதையெல்லாம் பெட்டியில் அடுக்கி, சீப்பையும் பவுடரையும் வெளியேற்றினான். அப்படியும் மனசு ஆறவில்லை.

அடுத்த வாரம் முனியாயி ஏறினாள். கூடையை வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே. பழைய வேட்டி. வென்னீர்ல அவிச்சு, நல்லாக் காயவச்சு, பட்டை பட்டையாக் கிழிச்சிருக்கேன். ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லிக்குடுத்துச்சு. ஒங்க பெட்டிதான் காலியாக் கெடக்கே, நாளைக்கு ஒருத்தருக்கு அடிபட்டா ஆகுமில்ல."

காசிமாயனுக்குக் கை நீளவில்லை. நல்லகாமன் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "காலியெல்லாம் இல்லத்தா! ஒனக்கு அடிபட்டதுலருந்து இவன் சொந்தக் காசுல வாங்கி ரொப்பி வச்சிருக்கான். தொறந்து காட்டுடா மாப்ள!"

திறந்து காட்டினான். வேறு என்ன செய்ய? பஸ்ஸே எட்டிப் பார்த்தது. "தங்கமான மனுசன்" என்றார் ஒரு பெரியவர். முனியாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்காகவாண்ணே? நீங்க நல்லா இருக்கணும்."

அப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் ஆயுசுக்கும் தங்கமான மனுசன்தான். ஆனால் அந்த வாழ்த்தை அவனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அன்னைக்கும் பெட்டி நெறஞ்சுதான் தாயி இருந்துச்சு" என்றான். "மறுநா எப்.சி. சீல் பிரிச்சா கடையில திருப்பி எடுக்க மாட்டாக. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

முனியாயி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மருந்து?"

"இருந்துச்சு தாயி."

திட்டுவாள் என்று நின்றான். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் எழுந்து, தன் துணிப் பொட்டலத்தைப் பஞ்சுக்குப் பக்கத்தில் தானே வைத்தாள்.

"இதைக் கடையில திருப்பிக் குடுக்க வேணாம். யாருக்காச்சும் அடிபட்டாக் குடுத்துருங்க."

அண்ணே என்று சொல்லவில்லை. உட்கார்ந்து, சுருக்குப்பையை அவிழ்த்துக் காசை எடுத்தாள்.

"சிம்மக்கல் ஒண்ணு, கூடைக்கு ஒண்ணு."

"வேணாம் தாயி" என்றான் காசிமாயன்.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. பாதி விரலோடு அது அங்கேயே நின்றது. காசிமாயன் காசை வாங்கிக்கொண்டு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.