கழற்றிவிட்ட பூட்டு

சுப்புராமன் வடையை மென்றுகொண்டே ஆஸ்பத்திரியின் சர்வர் கம்ப்யூட்டர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். எண்ணெய் விரல் பட்ட எழுத்துகள் பளபளத்தன. பக்கத்தில் நின்ற ரோகிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செங்கல்பட்டில் நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்குச் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் சின்னக் கம்பெனி அவருடையது. ரோகிணி கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ஏறி வந்து இரண்டு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறாள். அவர் சாப்பிடுவதை இதற்கு முன் அவள் கவனித்ததுகூட இல்லை.

முந்தின நாள் இந்த ஆஸ்பத்திரியில், கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த ஆராயி என்ற அம்மாளுக்குச் சர்க்கரை நானூறு என்று லேப் ரிப்போர்ட் வந்தது. வார்டில் இன்சுலினைக் கூட்டிப் போட்டார்கள். அந்த நானூறு வேறொருவருடையது. சாயங்காலத்துக்குள் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி ஆராயிக்கு நினைவு தப்பிவிட்டது. இப்போது கண் திறந்துவிட்டார். பேச்சு மட்டும் குழறியது. ரிப்போர்ட் அடித்த ஜெசிந்தாவைக் காலையிலேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ரோகிணிக்கு அதிக நேரம் ஆகவில்லை. லேப்பில் இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டில் அடிப்பதும் சர்வரில் ஒரே ஃபைலுக்குத்தான் போகும். ஒருவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவரைக் காக்கவைக்க ஃபைல் லாக்கிங் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். இருவர் ஒரே சமயத்தில் சேமித்தபோது ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் அளவு போய் உட்கார்ந்துவிட்டது.

"சார், லாக்கிங் ஆஃப்ல இருக்கு."

"தெரியும். நான்தான் போன வாரம் எடுத்தேன். ஸ்லோவா இருக்குன்னு டாக்டர் ஒரே கத்தல்." விரலை நக்கிக்கொண்டு இரண்டு வரி தட்டினார். "இப்ப ஆன் பண்ணிட்டேன். யார் கேட்டாலும் டைப்பிங் மிஸ்டேக். புரியுதா?"

டாக்டர் அறையில் ஆராயியின் மகன் ராஜாராம் உட்காராமல் நின்றிருந்தான். மதுராந்தகத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"எங்கம்மா நேத்து வரிக்கும் நல்லா பேசிக்கினு இருந்துச்சு சார். லேப் பொண்ணு மேல தப்புன்னு வெளிய சொல்றாங்க. நெசமா இன்னா ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டர் சுப்புராமனைப் பார்த்தார். "லேப் பொண்ணு மாத்தி அடிச்சிட்டாப்பா," என்றார் சுப்புராமன், சாவு வீட்டில் பேசுகிற குரலில். உதட்டோரம் வடைத்துகள் ஒட்டியிருந்தது. அந்தக் குரலைத்தான் ரோகிணியால் தாங்க முடியவில்லை.

"அவ சரியாத்தான் அடிச்சா. ரெண்டு பேர் எழுதறது கலந்துடாம இருக்க கம்ப்யூட்டர்ல ஒரு பூட்டு இருக்கு. வேகமா ஓடணும்னு டாக்டர் சொன்னாரு. இவர் அதைக் கழட்டிட்டார்."

ராஜாராம் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"வேகமா ஓடறதுக்கா?"

டாக்டர் மணியை அழுத்தி வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "நாளைலருந்து வராத," என்று சுப்புராமன் அவள் காதருகே சொன்னார். வெங்காய வாடை அடித்தது.

பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ் நிற்கும் இடத்தில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. ரோகிணி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அந்தம்மா புள்ளைக்குத் தெரிஞ்சிருச்சா மேடம்?"

"தெரிஞ்சிருச்சு. அவன் எதிர்லதான் சொன்னேன்."

"காலைல ஆஸ்பத்திரி கேட்டாண்ட என்னைப் பாத்துட்டு அந்த அண்ணாத்த மூஞ்சியிலயே துப்பிட்டாரு." குரலில் கோபம்கூட இல்லை. "இன்னா கழுவியும் போவல மேடம்."

துப்பட்டாவின் நுனியைப் பாட்டில் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தைத் தேய்த்தாள். அந்த இடம் ஏற்கெனவே சிவந்து தோல் உரிந்திருந்தது. பஸ் வந்து நின்றது; ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் எழுந்திருக்காமல் மறுபடியும் துணியை நனைத்தாள்.