ஒற்றைக் காலில் நிற்கும் மூதாதை

காலை பத்து மணிக்குள் அந்தப் பொம்மை ஆறு முறை விழுந்துவிட்டது.

மைசூரு குவெம்பு நகரில் ரக்ஷா குடியிருந்த அடுக்ககத்தில் தசரா கொலுப் போட்டி. மாலை ஐந்துக்கு நடுவர் வருவார். பசை, கம்பி, ஆணி கூடாது, பொம்மை தானாக நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு வருடம் கம்பி கட்டிய பொம்மை விளக்கின் மேல் சாய்ந்ததிலிருந்து இந்தக் கண்டிப்பு. இரண்டு ஆண்டுகளாக எதிர்வீட்டு கௌரம்மாவிடம் தோற்ற ரக்ஷா, இந்த முறை மனிதன் உருவான கதையையே கொலுவாக வைத்திருந்தாள். அதற்கு உயிரே அந்த ஒரு பொம்மைதான். முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் நடந்த மூதாதை, ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கிறாள்.

காகிதக் கூழில் அதைச் செய்தவன் அவள் கணவன் வாமன்.

"உன் மூதாதை குடிச்சிருக்கா போல."

"நீ பண்ணினது சிம்பன்சிடா. அதை நிமித்தி வெச்சுட்டு மனுஷிங்கறே."

ரக்ஷா பிசியோதெரபிஸ்ட். தினமும் பத்து முழங்கால்களையாவது பார்ப்பவள். வாமனைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"வலது தோளும் வலது பாதமும் சுவரை ஒட்டி இருக்கட்டும். இப்போ இடது காலைத் தூக்கு."

தூக்கினான். சோபாவில் போய் விழுந்தான்.

"ஒரு காலைத் தூக்கினா உடம்பு இன்னொரு பாதத்துக்கு மேல வரணும். சுவர் உன்னை விடலை. சிம்பன்சிக்குத் தொடை எலும்பு நேரா கீழே போறது. பாதம் ரெண்டும் தள்ளித் தள்ளி. அதனால ரெண்டு கால்ல நடந்தா ஆடி ஆடித்தான் போகும். நமக்குத் தொடை இடுப்புலேர்ந்து உள்பக்கமா சாஞ்சு வரது. முட்டி ரெண்டும் கிட்டக்க. பாதம் நடு உடம்புக்குக் கீழேயே இருக்கும்."

திறந்திருந்த கதவு வழியே கௌரம்மா எட்டிப் பார்த்தாள். "ஏனு சமாச்சாரா? கட்டினவரை எதுக்கும்மா கீழே தள்றே?"

"கால் சரியில்லை மாமி."

"பொம்மைக்கா, அவருக்கா?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

கூழ் இன்னும் முழுதாகக் காயவில்லை. வாமன் இடுப்பைக் கிண்ணம் போல அகலமாக்கி, தொடைகளை உள்ளே சாய்த்தான். பொம்மை இப்போது பக்கவாட்டில் விழவில்லை. குப்புற விழுந்தது.

"தலை எதுக்கு இவ்வளவு பெருசு?"

"மூளை வேண்டாமா? மனுஷியாச்சே!"

"முதல்ல நடந்தா. மூளை பெருசானது ரொம்பக் காலம் கழிச்சு. அதுவும் தலையை முன்னாடி தொங்க விட்டிருக்கே. குரங்குக்குத்தான் முதுகெலும்பு மண்டையோட பின்பக்கம் சேரும். இவளுக்கு அடியில சேரணும், குடத்தைத் தலையில வெச்சாப்பல. அப்படியே கோரைப்பல்லையும் ராவிடு."

"பல்லுமா விழ வைக்கறது?"

"இல்லே, பொய் சொல்றது. இவளுக்குக் கோரைப்பல் சின்னது."

வாமன் தலையைச் சின்னதாக்கி நிமிர்த்தி, பல்லையும் ராவினான். ஹேர் டிரையரால் உலர்த்தினார்கள். நாலு மணிக்கு மூதாதை ஒற்றைக் காலில் நின்றாள். ரக்ஷா மூச்சை அடக்கிக்கொண்டு அவளை மேல்படியில் வைத்தாள்.

ஐந்து மணிக்கு நடுவர் நரசிம்மமூர்த்தி வந்தார். குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தவர், மேலே வந்ததும் நிமிர்ந்தார்.

"பட்டத கொம்பெக்கு மேலே இது என்னம்மா?"

வாமன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பட்டத கொம்பெ என்று கல்யாணத்தில் ரக்ஷாவின் பிறந்தகத்தார் கொடுத்த மர ராஜாவும் ராணியும் இரண்டாம் படியில் நின்றார்கள். மைசூருக் கொலுவில் அவர்களுக்கு மேலே எதையும் வைப்பதில்லை. ரக்ஷாவோ வயதில் மூத்தவர் மேலே என்று அடுக்கியிருந்தாள்.

"அவாளுக்கும் முன்னோர் சார்."

"இருக்கட்டும். ராஜா ராணி மேலே போகட்டும், இது கீழே. அப்போதான் மார்க்."

வாமன் ராஜா ராணியை ஏற்றினான். ரக்ஷா கை நீட்டுவதற்குள் நடுவரே மூதாதையைத் தூக்கிக் கீழ்ப்படியில் வைத்து, கையை எடுத்துவிட்டார். பொம்மை வலப்பக்கம் ஆடியது. இடப்பக்கம் ஆடியது. நின்றது.

"கீழே வெச்சதுல வருத்தமா?"

"நின்னாளே, அது போதும் சார்."

அவர் ஏதோ எழுதினார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கௌரம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஃபர்ஸ்ட் பிரைஸா? இந்தச் சின்னத் தலைக்காரிக்கா?"

ரக்ஷாவின் காதில் அது விழவில்லை. நடுவருக்கு வியர்க்கிறதே என்று மின்விசிறியைப் போடப் போன வாமனின் கையை, மூதாதையைப் பார்த்தபடியே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.