கருவாடு மூச்சு விட்ட பகல்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒன்றாவது பொய்யென்றால் சொன்னவன் நாக்கு உப்புத் தடவி வெயிலில் காயட்டும்.

கரையில் கருவாடு காயவைக்கப் புதிதாக ஒரு களம் கட்டியிருந்தார்கள். சிமெண்ட் தரை, சுற்றிலும் கம்பி வேலி. மீன்பிடித் தொழில் என்று பதிவானவருக்குத்தான் அதில் இடம். பழைய மணல்மேட்டில் அடுத்த மாதம் சுவர் எழும்பப் போகிறது. அந்த மேட்டில் பதினெட்டு வருடமாகக் கருவாடு போட்டுவந்தவளை எல்லோரும் முடிச்சக்கா என்பார்கள். கிழிந்த வலையில் அவள் போட்ட முடிச்சு மீனுக்கும் அவிழாது, கட்டின புருஷனுக்கும் அவிழாது என்று பேச்சு. களத்தில் பத்தடி இடம் கிடைக்காவிட்டால் அவள் பிழைப்பில் மண்தான்.

ஆகவே தொழிலைப் பதியக் கணக்கெடுப்பவர் வருகிறார் என்றதும் வாசலைப் பெருக்கி, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைப் போட்டுவிட்டு, கிழிந்த வலையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். புருஷன் கடலில் இருந்தான். நாத்தனார் மட்டும் மீன் கூடையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர் நல்ல மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனா. வீட்டுக்காரருக்கு என்ன தொழில் என்று கேட்டு, மீனவர் என்று எழுதிக்கொண்டார். பிறகு அவளிடம், கடலுக்குப் போவதுண்டா என்றார். இல்லை என்றவள், கிழிசல் வலையைப் பொத்துவதையும் மீனைக் கீறி உப்பிடுவதையும் சந்தைக்குச் சுமப்பதையும் சொல்லத் தொடங்கினாள். தலையாட்டிக்கொண்டே அவர் எழுதி முடித்துவிட்டார்.

"என்ன எழுதினீங்க சார்?"

"வேலை இல்லைன்னு."

அவள் மடியிலிருந்த வலையில் 'டிக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள். நேற்றுப் போட்ட முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. பக்கத்து முடிச்சு மெல்லப் புரண்டு, சோம்பல் முறித்து நிமிர்ந்தது. பிறகு அடுத்தது. காற்றுகூட இல்லை. கண்ணிகள் வரிசையாக வாய் திறந்தன. கொஞ்ச நேரத்தில் மடியில் வெறும் நூல்தான் மிச்சம்.

"அண்ணி, அங்க பாருங்க," என்றாள் நாத்தனார். குரல் இறங்கியிருந்தது.

உச்சி வெயிலில், பொட்டு மேகமில்லாத வானத்தின் கீழ், வாசலோரத்து மூங்கில் பரணில் காயப்போட்டிருந்த கருவாடு நனைந்துகொண்டிருந்தது. கீறிய வயிறுகள் தையல் போட்டதுபோல் மூடின. உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. நான்கு நாளுக்கு முன் செத்த மீன்கள் செவுளைத் திறந்து மூடின. எல்லாக் கண்களும் கணக்கெடுப்பவர் பக்கம் திரும்பின. மீனுக்கு இமை கிடையாது. பார்க்க ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். காலையில் சாப்பாட்டுக் கடையில் கருவாடு தின்றாராம். இப்போது உள்ளே ஏதோ நீந்துகிறதாம்.

"அது எங்க அண்ணி போட்டதுதான்," என்றாள் நாத்தனார். "வேலையே இல்லாதவங்க போட்டதாச்சே, எப்படி சார் காயும்?"

படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. வேர்த்து வழிய, ஓரத்தில் பொடி எழுத்தில் 'மனைவி உதவுகிறார்' என்று எழுதினார். பரணின் ஓரத்தில் நாலு மீன் மட்டும் காய்ந்தது.

முடிச்சக்கா படிவத்தை எட்டிப் பார்த்தாள். "ஓரத்துல எழுதினா ஓரம்தான் சார் காயும். கட்டத்துக்குள்ள எழுதுங்க."

"கடலுக்கே போகாதவங்கள மீனவர்னு எப்படிம்மா எழுதறது?"

"போன மனுஷன் இந்நேரம் வெறும் நூலைத்தான் வீசிட்டிருப்பாரு. அவர என்னன்னு எழுதுவீங்க?"

கணக்கெடுப்பவர் வயிற்றுக்குள் வாலடி ஒன்று விழுந்தது. புதுப் படிவம் எடுத்து, தொழில் என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே மீனவர் என்று எழுதினார்.

நூல் பாம்புபோல் தலைதூக்கி, தன்னைத்தானே முடிந்துகொண்டது. உப்பு தரையிலிருந்து மேலே ஏறி ஒட்டியது. செவுள்கள் அடங்கின. கண்கள்தாம் கடைசியில் காய்ந்தன, அவரைப் பார்த்தபடியே.

நாத்தனார் முறை வந்தபோது, தொழிலை எழுதிவிட்டுத்தான் பெயரையே கேட்டார். அன்று அந்தக் கரையில் ஒரு பெண்ணும் விடுபடவில்லை. முடிச்சக்காவுக்குக் களத்தில் பத்தடி கிடைத்தது, ஓரத்தில் இல்லை, நட்டநடுவில்.

சொல்ல மறந்தது ஒன்று: அந்தக் கரைக்குக் கணக்கெடுக்க இன்றுவரை யாரும் வந்ததே இல்லை. சொன்னவன் நாக்கில் இப்போதே உப்புக் கரிக்கிறது.