ஒரே கொத்து, இரண்டு எடை

ஆய்வு நிலையத்தில் அவளைச் 'சூடு' என்றும் அவள் கணவனை 'வளைவு' என்றும்தான் கூப்பிடுவார்கள். எல்லாம் வேலை கொடுத்த பெயர். ஆயிரம் விண்மீன் மண்டலங்கள் திரண்ட ஒரு கொத்தை இருவரும் தனித்தனியாக எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொத்துக்குள் கொதிக்கும் வாயு எக்ஸ்ரே கதிர்களை வீசும். அத்தனை சூடான வாயுவைச் சிதறவிடாமல் இழுத்துப் பிடிக்க எவ்வளவு எடை வேண்டும் என்று அவள் கணக்கிடுவாள். கொத்துக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி அதன் ஈர்ப்பில் எவ்வளவு வளைகிறது என்று பார்த்து அவன் கணக்கிடுவான்.

அவன் விடை அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு வந்தது.

மூன்று மாதம் சரிபார்த்தார்கள். பிறகு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட மின்னஞ்சல்தான், அதுவும் இயக்குநருக்கு ஒரு நகலோடு. நாற்பதாவது உப்புக் கடிதம் வந்த அன்று இயக்குநர் சூட்டின் அண்ணனுக்குப் போன் செய்து, வந்து சமாதானம் பண்ணச் சொன்னார்.

அண்ணன் எடையளவு ஆய்வாளர். இருபத்தேழு வருடமாகக் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவர். மறுநாள் காலையே பித்தளை எடைக்கற்கள் உள்ள பெட்டியோடு வந்து இறங்கினார்.

"ஒரே சரக்குக்கு ரெண்டு எடை. இது குற்றம்னு தெரியுமா?"

"இது தராசு இல்லண்ணா, கம்ப்யூட்டர்" என்றாள் சூடு.

"எடை சொல்லுதா?"

"சொல்லுது."

"அப்ப தராசுதான்."

இரண்டு கணினிகளையும் கம்பியால் கட்டி ஈய முத்திரை குத்தினார்.

"மச்சான், சனிக்கிழமை கட்டுரை அனுப்பணும்" என்று கெஞ்சினான் வளைவு.

"சரக்க எடுத்துட்டு வாங்க மாப்பிள்ள. ரெண்டுலயும் வெச்சுப் பாத்துடுவோம்."

"அங்கேருந்து வெளிச்சம் வரவே முந்நூறு கோடி வருஷம் ஆகும்."

ஆய்வாளர் நோட்டில் எழுதினார்: 'சரக்கு கைவசம் இல்லை.'

பிறகு இருவரையும் எதிரே உட்காரவைத்து விசாரித்தார்.

"தட்டுல வேற எதுவும் ஒட்டிக்கிட்டு இல்லையே, மாப்பிள்ள?"

"அதுக்குப் பின்னாடி ஏதாவது இருந்தா அதுவும் சேர்ந்துதான் காட்டும்" என்று இழுத்தான் வளைவு.

ஆய்வாளர் தங்கை பக்கம் திரும்பினார். "நீ தட்டு ஆடி நின்னப்புறம்தான எடை பாத்த?"

"வாயு ஆடாம இருக்குன்னு வெச்சுக்கிட்டேன்."

"வெச்சுக்கிட்டியா, பாத்தியா?"

அவள் பல வாரங்களுக்குப் பிறகு கணவனை நேராகப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கொத்தா?" என்றாள்.

"ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னு. மோதிக்கிட்டிருக்கு" என்றான்.

கணினியைத் தொட அண்ணன் விடவில்லை. விசாரணை முடியவில்லையாம். அச்செடுத்த தாள்களைத் தரையில் பரப்பி, மூன்று நாள் வெள்ளைப் பலகையில் எழுதி எழுதி அழித்தார்கள். மோதலில் அலைபாயும் வாயுவின் ஆட்டம் அவள் கணக்கில் விடுபட்டிருந்தது. அவன் இரண்டு கொத்துகளின் பாரத்தையும் ஒன்றின் தலையில் கட்டியிருந்தான். இரண்டையும் சரிசெய்ததும் விடை நடுவில் வந்து நின்றது. பத்து சதவீதம் கூடலாம், குறையலாம்.

அந்தப் பத்து சதவீதத்தைப் பார்த்ததும் ஆய்வாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கடைக்காரன் இப்படிச் சொன்னா அன்னிக்கே கடைய இழுத்துப் பூட்டுவேன்."

"வானத்துல இதுவே நல்ல எடைதாண்ணா."

அவர் பெட்டியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து அரைமணி நேரம் புரட்டினார்.

"இத யாருக்காவது விக்கப் போறீங்களா?"

"யாரு வாங்குவா?" என்றாள்.

"விக்காத சரக்குக்குச் சட்டம் பொருந்தாது" என்று சொல்லிவிட்டுத் தானே முத்திரைக் கம்பியை வெட்டினார்.

கட்டுரை அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. திரும்பும் வழியில் ஆய்வாளர் நிலையத்தின் அஞ்சல் அறைத் தராசில் ஒரு எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். முப்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. இயக்குநர் மேல் வழக்கு எழுதினார். இயக்குநர் வியர்க்க வியர்க்க ஓடிவந்து தம்பதியைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கொத்து எதன் மேல் போய் இடித்தது என்று பலகை முன்னால் நின்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.