எண்ணெய் போட்ட பூட்டு

இந்தக் கதையின் முதல் பாகம் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் கண் பரிசோதித்துப் பவர் சொல்கிறவள் வீட்டுக் கதவு ஒருநாள் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பூட்டுக்காரன் வந்தான், திறந்துவிட்டுப் போனான். சில நாளில் மறுபடி அதே கதை. இந்தமுறை டீயும் குடித்துவிட்டுப் போனான்; காதலும் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் முறை உள்ளே மாட்டிக்கொண்டது, மகளைப் பார்க்க வந்திருந்த அம்மா. ஆஸ்துமாக்காரி. இன்ஹேலர் தீர்ந்துபோய், வாங்கக் கிளம்பியவள் கதவின் கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, இரைக்க இரைக்க மகளுக்குப் போன் செய்தாள். மகள் பூட்டுக்காரனைக் கூப்பிட்டாள். அவன் பறந்து வந்து திறந்து, அம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அதுவரை "பூட்டு ரிப்பேர் பண்றவனுக்கா என் பொண்ணு?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் முதல் காரியமாக அவனைத் 'தம்பி'யிலிருந்து 'மாப்பிள்ளை' ஆக்கினாள். சுபம்.

சுபம் என்றதும் வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். கட்டிக்கொண்டவர்கள்தான் உள்ளேயே கிடக்க வேண்டும்.

அவன் அவள் வீட்டுக்கே குடிவந்தான். மாப்பிள்ளை இருக்கிற வீட்டில் பயமில்லை என்று அம்மாவும் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவுவான், அத்தையின் மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பான், ஞாயிறு காலையில் மறக்காமல் வாசல் கதவுப் பூட்டுக்கு எண்ணெய் போடுவான். "எங்க வீட்டுக்காரர் எனக்குத் தைலம்கூடத் தேய்ச்சு விட்டதில்ல" என்று பக்கத்து வீட்டு அக்கா பெருமூச்சு விட்டாள்.

அவளுக்கு அந்த எண்ணெய்தான் உறுத்தியது. ஊர்ப் பூட்டையெல்லாம் கழற்றி மாட்டுகிறவன், மூன்று முறை மக்கர் பண்ணிய தன் வீட்டுப் பூட்டை ஏன் மாற்றவில்லை? கேட்டதற்கு, "நம்மளச் சேர்த்து வச்ச பூட்டு. அதப் போயி தூக்கிப் போடச் சொல்றியே" என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். நல்லவனாக ஒருத்தன் கிடைத்தால் நமக்கு அதையும் சந்தேகப்படத்தான் தெரிகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் வங்கிக்கு இரும்புப் பெட்டி பொருத்த வெளியூர் போயிருந்தபோது பூட்டு நாலாம் முறை வேலையைக் காட்டியது. கடையிலிருந்து திரும்பியவள் வெளியே, அம்மா உள்ளே. நல்லவேளை, இன்ஹேலர் கையில் இருந்தது. அவன் கடைக் கூட்டாளி, குண்டன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், மூச்சு வாங்க மாடியேறி வந்து திறந்தான். பூட்டைக் கழற்றி உள்ளே பார்த்தவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"என்ன அண்ணி, இத இன்னுமா அவன் மாத்தல?"

"எத?"

"இதோ பாருங்க, பூட்டு நாக்க இழுக்குற இந்தக் கட்டைய அரத்தால தேய்ச்சு விட்டிருக்கான். பிடிச்சாப் பிடிக்கும், நழுவுனா நழுவும். எண்ணெய் போட்டுக்கிட்டே இருந்தா கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். முதல் தடவை வந்தப்பவே கை வச்சுட்டான். மறுபடி உங்களப் பார்க்கணுமாம்! கல்யாணம் ஆனதும் சொல்லி உங்களச் சிரிக்க வைக்கிறேன்னான்..." அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். "சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள். குண்டன் முன்னால் மானம் போகக் கூடாது என்று அந்த நேரத்திலும் தோன்றியது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. புதுப் பூட்டைப் பூட்டுக்காரனே வந்து போடட்டும் என்று குண்டன் பழையதையே மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் சாயங்காலம் பூட்டுக்காரன் வந்தான். கையில் அத்தைக்குக் கம்பளிச் சால்வை. அம்மா அறையில் படுத்திருந்தாள். மகள் குரலை உயர்த்தாமல் பூட்டைப் பற்றிக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அழுதான்.

"உன்ன இன்னொரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் பூட்ட மாத்தினா ஏன்னு கேப்பியேன்னு பயம். அத்தை வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதுதான் கொடுமை. இன்னும் பிடித்திருந்தது. ஒரே ஒரு பதிலில் அவனை மன்னித்துவிட முடியும் என்றுகூட நினைத்தாள்.

"அம்மா உள்ள மூச்சுக்குத் தவிக்கிறாங்கன்னு நான் போன்ல கத்தினேனே. வர வழியில என்ன நினைச்சே?"

"செத்துட்டேன். அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் கொலைகாரன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் சொல்லாத உண்மையை அந்த நிமிஷம் பார்த்துச் சொன்னான்.

"கண்ணத் தொறந்து மாப்பிள்ளைன்னாங்கல்ல... அப்போ, நல்லதுக்குத்தான் நடந்துச்சுன்னு நினைச்சேன்."

"போ" என்றாள்.

அவன் பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய்க் கைப்பிடியைத் திருகினான். அது வழுக்கிச் சுற்றியது. மறுபடி திருகினான். சுற்றியது. மூன்று பேரும் உள்ளே. முதல் பாகமாக இருந்தால் கட்டடமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அவன் மண்டிபோட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினான். பையைக் கவிழ்த்ததில் கருவிகள் தரையில் கொட்டின.

அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நெஞ்சில் விசில் மாதிரி மூச்சு இழுத்தது. இன்ஹேலரைக் கையில் பிடித்திருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"சீக்கிரம் தொறங்க, தம்பி" என்றாள். "மூச்சு முட்டுது."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. திறந்தான். கருவிகளைப் பொறுக்காமலே வெளியே போய்ப் படியிறங்கினான்.

மகள் கதவைச் சாத்தக் கை நீட்டினாள். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். நாற்காலியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, திறந்த வாசலைப் பார்த்தபடி இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் மகளுக்கு அழுகை வந்தது.