மனமுவந்து போட்ட கையெழுத்து

சாலையை அகலப்படுத்த மனமுவந்து நிலம் கொடுத்ததாக எழுதப்பட்ட தாள்களிலிருந்து, நூற்றுப் பதினான்கு கையெழுத்துகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இறங்கிப் போயின. எறும்புச் சாரைபோல மேசைக்கால் வழியாக இறங்கி, பதிவு அலுவலகத்தின் படிகளைக் கடந்து, சிக்னலில் நின்று, அவரவர் வீட்டுக்குப் போய், போட்டவர்களின் மணிக்கட்டில் ஏறிப் படுத்துக்கொண்டன. சோப்புப் போட்டும் மூன்று நாள் போகவில்லை. அன்று காற்று இல்லை, மின்விசிறியும் ஓடவில்லை என்று பதிவு எழுத்தர் அறிக்கையில் குறித்தார்.

நகராட்சித் தலைவர் சொல்லை மாற்றிப் பார்த்தார். மனமுவந்து என்பதை எடுத்துவிட்டுப் பங்களிப்பு என்று போட்டார். கையெழுத்துகள் மதியமே போயின. பறிப்பதைப் பகிர்வு என்றும், இடிப்பதை மேம்பாடு என்றும், தான் ஒருவராக எடுத்த முடிவை நாம் எடுத்த முடிவு என்றும் எழுதவைத்தார். நாம் என்று தொடங்கிய தாளில் கையெழுத்துகள் மை காயும்வரைகூட நிற்கவில்லை. அதே அறையில், பழைய சைக்கிள் ஒன்றை விற்றவரும் வாங்கியவரும் போட்ட கையெழுத்துகள் அசையாமல் இருந்தன. கடைசியில் தலைவர் ஒரு தத்துவப் பேராசிரியரை வரவழைத்தார். ஊரை விட்டுப் போகாமல் இருப்பதே சம்மதம், பிறந்தபோதே எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று என்று அவர் இரண்டு மணி நேரம் விளக்கினார். "பொறக்கும்போது எனக்கு விரலே விரியலையே சார்" என்று பின்வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

பேராசிரியரை நம்பியது பதிவு எழுத்தர் ஒருவர்தான். அவருக்குக் காரணம் இருந்தது. திருமணப் பதிவேட்டிலும் மனமுவந்து என்றுதான் அச்சாகியிருந்தது. அதன் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய மனைவியின் கையெழுத்து இருந்தது. அன்று அவளுடைய அண்ணன் பின்னால் நின்று, தோளில் கை வைத்து, "போடும்மா, நேரமாகுது" என்றது அவருக்கு நினைவிருந்தது. பேனா தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றதும் நினைவிருந்தது. அவள் தையல் கடை வைத்திருந்தாள். எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பு அவளைப் பெண் கேட்டவன் அந்தக் கடைக்காரன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய கண்ணாடியின் காம்பை வளைத்துக் காதுக்குப் பின்னால் பொருத்திப் பார்ப்பான். அதற்கு இரண்டு விரல் போதும். அவன் நான்கு விரல்களைப் பயன்படுத்துவதை எழுத்தர் தெருவில் நின்று பார்த்திருந்தார்.

கூட்டம் முடிந்த மாலையே அவர் அந்தக் கையெழுத்தின் மேல் செலோடேப் ஒட்டினார். மூன்று அடுக்கு. பதிவேட்டை இரும்பு பீரோவில் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஆறு வருடம் போனது. சாலை, விலை பேசி விற்றவர்களின் நிலத்தில் மட்டும் வளைந்து வளைந்து போடப்பட்டது. பதிவேட்டின் மற்றப் பக்கங்களிலிருந்து பதினொரு பெண்களின் கையெழுத்துகளும் நான்கு ஆண்களின் கையெழுத்துகளும் பீரோ இடுக்கு வழியாக வீட்டுக்குப் போயின. சில குடும்பங்கள் பிரிந்தன. சில வீடுகளில் அன்றுதான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்தன. அந்தக் குழந்தைகள் கண்ணாடி போட்டிருந்ததுகூட எழுத்தருக்குப் பிடிக்கவில்லை. தினமும் டேப்புக்கு அடியில் பார்ப்பார். கையெழுத்து இருக்கும். டேப் ஒட்டியிருந்ததால், அது விரும்பித்தான் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அலுவலக உதவியாளர் சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் உளறிவிட்டார். அன்று மாலை, பொத்தான் தைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"என் கையெழுத்துக்கு டேப் ஒட்டியிருக்கீங்களாமே?"

"கிழிஞ்சிடக் கூடாதுன்னுதான்..."

"ஆறு வருஷமாவா?"

"நீ போகலையே. போகாம இருக்கிறதே சம்மதம்தான்னு புரொபசரே சொன்னாரு."

"அடேங்கப்பா! பூட்டிச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, போகலையே போகலையேன்னா? உங்க தலைவரும் இதைத்தானேங்க சொன்னாரு?" நூலைப் பல்லால் கடித்தாள். "ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா?"

மறுநாள் அவர் டேப்பை உரித்தார். கையெழுத்து கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு கிளம்பியது. அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனார். கண்ணாடிக் கடை வாசலில் அது நின்றது. அவர் எண்பதுவரை எண்ணினார். அதன்பின் அது தெருவைக் கடந்து, தையல் கடைக்குள் நுழைந்து, அவளுடைய மணிக்கட்டில் ஏறியது. அவள் மெஷினை நிறுத்தினாள். அவர் வாசலில் நின்றபடியே, தன்னோடு இருக்க அவளுக்கு விருப்பமா என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன். வழியை மறைக்காதீங்க, வெளிச்சம் வரலை."

நான்கு மாதம் யோசித்தாள். எழுத்தர் ஏழு கிலோ இளைத்தார். அந்த நான்கு மாதத்தில் அவள் ஒருமுறை கண்ணாடி சரிசெய்யப் போனாள். அவர் தெருவுக்குப் போகவில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் அலுவலகத்துக்கு வந்து, மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று, பதிவேட்டைக் கேட்டாள். பேனா இந்த முறையும் தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. போட்டாள்.

பீரோவில் இப்போது பூட்டு கிடையாது. சில காலைகளில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் காலியாக இருக்கும். எழுத்தர் ஒருமுறை படிப்பக்கம் பார்ப்பார். எங்கே போனது என்று கேட்பதில்லை. மூன்று மணிக்குள் அது படியேறி வந்து, தன் கோட்டில் படுத்துக்கொள்ளும். அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.